தஞ்சாவூர் ஓவியம் சொல்லிச் செய்வதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் 18 வருடமாகப் படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். புதுமனைப் புகுவிழா, அறுபதாம் கல்யாணம், பூஜை அறை என்று ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய சிலவற்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, யாரிடம் கொடுத்தாலும் இது உதவும்.

கடையிலேயே தயாராக இருக்கிறதே, எதற்குச் சொல்லிச் செய்ய வேண்டும்?

கடைப்படம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். வெண்ணெய்த்தாழி கிருஷ்ணன், பிள்ளையார், கஜலட்சுமி எல்லாம் நல்ல வேலைப்பாட்டில் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் குலதெய்வம் வேண்டும், உங்கள் ஊர்க் கோயில் அம்மன் அந்த ஊர் அலங்காரத்தோடு வேண்டும், பூஜை மாடத்தின் அளவுக்குச் சரியாக வேண்டும் என்றால்தான் சொல்லிச் செய்ய வேண்டும். குலதெய்வம் கேட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். அய்யனாரையும் அங்காளம்மனையும் கடையில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

வரும்போது என்ன முடிவு செய்துகொண்டு வர வேண்டும்?

மூன்று விஷயம் போதும்: என்ன தெய்வம், எங்கே மாட்டப் போகிறீர்கள், எந்தத் தேதிக்கு வேண்டும். நிறம், பதிக்கிற கல், சட்டம் (ஃப்ரேம்) எல்லாம் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

மாட்டும் இடத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள். நாங்கள் 24க்கு 18 என்று சொல்வது படத்தின் அளவு, அங்குலத்தில். அதற்கு மேல் தேக்குச் சட்டம் வரும். இரண்டு அங்குலச் சட்டம் என்றால் நான்கு பக்கமும் கூடி வெளி அளவு 28க்கு 22 ஆகிவிடும். செட்டிநாட்டுப் பாணியில் அகலமான சட்டம் கேட்டால் இன்னும் கூடும். ஒரு வீட்டில் மார்பிள் மாடம் கட்டி முடித்துவிட்டு, அதன் அளவு 24க்கு 18 என்று போனில் சொன்னார்கள். படத்தின் அளவையா சட்டத்தோடு சேர்த்தா என்று நானும் கேட்கவில்லை. படம் போய்ச் சேர்ந்த பிறகு சட்டத்தைக் கழற்றி, மாடத்துக்குள் வெறும் பலகையாக வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு அளவையும் ஆர்டர் தாளில் தனித்தனியாக எழுதுகிறேன்.

போனில் இருக்கும் படத்தைக் கொடுத்தால் அப்படியே செய்து தருவீர்களா?

தருவோம். ஆனால் அந்தப் படம் சரியானதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கவலை தருகிற இடம் இதுதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சாமி படங்களில் பல, இடவலம் மாறிக் கிடக்கின்றன. யாரோ ஒரு டிசைனுக்காகத் திருப்பிப் போட்டிருப்பார்கள், அதுவே ஊரெல்லாம் பரவியிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெருமாளுக்கு வலது மேல்கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடது கையில் இருக்கும், சங்கு வலது கையில் இருக்கும். பூணூல் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்குவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கம் இறங்கும். சரஸ்வதி இடது கையால் வீணையை மீட்டிக்கொண்டிருப்பாள். இடம்புரிப் பிள்ளையார் வலம்புரியாகிவிடுவார். ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தெற்கே பார்த்து, மேற்கே தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். எதிரே நின்று சேவிக்கிற நமக்குத் தலை இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு திருத்திவிடவும் முடியாது. நடராஜர் என்றால் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பார். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி ஆடியிருக்கிறார், அங்கே தூக்கியது வலது கால். மதுரைக்காரர் ஒருவர் அந்தக் கோலம்தான் வேண்டும் என்று கேட்டால், அதைத் 'தவறு' என்று நான் திருத்தினால் அதுதான் தவறு. ஆகவே எந்தக் கோயில், எந்தச் சன்னிதி என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊர் அர்ச்சகரிடம் பென்சில் வரைபடத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள். சிறிய கோயில்களில் ஆயுதமும் வாகனமும் ஊருக்கு ஊர் மாறும், அது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது கம்ப்யூட்டர் தானாக வரைந்து தருகிற படங்களையும் கொண்டுவருகிறார்கள். முகம் மினுமினுவென்று இருக்கும். கிட்டே பார்த்தால் ஆறு விரல் இருக்கும், வேல் பாதியில் சூலமாக மாறியிருக்கும், நகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஜாடைக்கு அதை வைத்துக்கொள்ளலாம், ஆயுதத்துக்கும் முத்திரைக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது.

எதுவரைக்கும் மாற்றம் சொல்லலாம்?

இதற்குப் பதில் சொல்ல, வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

முதலில் பலகை. அந்தக் காலத்தில் பலா மரம், இப்போது வாட்டர்ப்ரூஃப் பிளைவுட். அதன் மேல் காடா துணியைப் பசை போட்டு ஒட்டுவோம். முன்பு புளியங்கொட்டைப் பசை, இன்று பெரும்பாலும் ஃபெவிக்கால். துணி மேல் சாக்பவுடரும் பசையும் கலந்த பூச்சு இரண்டு மூன்று முறை கொடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவோம். அதில் வரைபடம் ஏறும். பிறகு கற்களைப் பதிப்போம். நகை, தூண், மண்டப வளைவு, சிம்மாசனம் எல்லாம் மேடாகத் தெரிவதற்கு மக்கு வைப்போம். மக்கு என்பது பவுடரும் பசையும் சேர்த்துக் குழைத்த கூழ். பிரஷ்ஷால் சொட்டுச் சொட்டாக வைத்து உயர்த்துகிற வேலை அது. ஒரு காசுமாலைக்கு நூறு சொட்டு என்றால் நூறும் ஒரே அளவில் விழ வேண்டும். மக்கு காய்ந்தபின் அதன் மேல் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, மேடு பள்ளத்தில் எல்லாம் படியும்படி அழுத்துவோம். அதற்குப் பிறகுதான் வண்ணம். முகம் கடைசியில், முகத்திலும் கண் கடைசியில்.

வரைபடமாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மக்கு வைத்தபின் மாற்றினால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். ரேக்கு ஒட்டியபின் ஒரு கை, ஒரு ஆயுதம், ஒரு தூண்கூட நகராது. புடவை நிறம், திரைச்சீலை நிறம், பின்னணி மட்டும் வண்ணம் தீட்டும்வரை பேசிக்கொள்ளலாம்.

எனவே முழு அளவில் வரைந்த வரைபடத்தைக் கேளுங்கள், ஏ4 தாளில் சுருக்கியது வேண்டாம். அதை வீட்டுக்கு எடுத்துப்போய், மாட்டப் போகிற சுவரில் செலோடேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். வெளியூர்க்காரர்களுக்கு நான் அதைச் சுருட்டித் தபாலில் அனுப்பிவிடுகிறேன். ஒரு அம்மா அப்படி ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க காமாட்சி இவ்வளவு சிரிக்க மாட்டா, கொஞ்சம் குறைங்க" என்று போன் செய்தார். உதட்டோரத்தில் ஒரு நூல் அளவுதான் அழித்து வரைந்தேன். படம் வேறு படமாகிவிட்டது. அதைப் பென்சிலில் செய்தேன் என்பதால்தான் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

தங்கம் நிஜம்தானா? எத்தனை கிராம் இருக்கும்?

நல்ல வேலையில் 22 காரட் தங்க ரேக்கு போடுவார்கள். கிராம் கணக்கு மட்டும் கேட்காதீர்கள். ரேக்கு மூச்சுக் காற்றுக்கே அசையும், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பிரிப்போம். எடையாகப் பார்த்தால் மிகக் குறைவு, உருக்கி எடுக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தங்கம் கருக்காது, அதற்காகத்தான் அது. சரபோஜி மன்னர் காலத்துப் படங்களில் வண்ணம் மங்கியிருந்தாலும் பொன் இன்னும் பளபளப்பதைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பார்க்கலாம்.

தங்கம் மாதிரியே தெரிகிற பித்தளை ரேக்கும் சந்தையில் இருக்கிறது. புதிதில் தங்கத்தைவிட அதிகமாகவே மின்னும், சில வருடத்தில் கருக்கத் தொடங்கும். மலிவான படத்துக்கு அதைப் போடுவது குற்றமில்லை, தங்கம் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். சந்தேகம் இருந்தால் உங்கள் படத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய ரேக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த பத்தரிடம் கொடுத்தால் அமிலத்தில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார், பித்தளை கரைந்துபோகும். முடிந்த படத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டாம். அப்புறம் பில்லில் '22 காரட் தங்க ரேக்கு' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கற்கள்?

பெரும்பாலும் ஜெய்ப்பூர்க் கற்கள், கண்ணாடியில் செய்தவை. சிவப்பு, பச்சை, வெள்ளை. அசல் கெம்பு, மரகதம் பதிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. கற்களை அவர்களே எண்ணி எடுத்து வந்து தருவதுதான் இரு பக்கத்துக்கும் நல்லது. கல் கூடக் கூட அழகு கூடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நகையில் நாலு கல் குறைத்து மக்கு வேலையைக் கூட்டினால் படம் நிறைவாக இருக்கும்.

விலை எப்படிப் போடுகிறீர்கள்?

சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்கள்வரை போகும். அளவு ஒரு காரணம்தான். அதே 24க்கு 18 பலகையில் ஒற்றைப் பிள்ளையாரும் எழுதலாம், ராமர் பட்டாபிஷேகமும் எழுதலாம். பட்டாபிஷேகத்தில் ராமர், சீதை, தம்பிகள், அனுமன், வசிஷ்டர், சுக்ரீவன், விபீஷணன் என்று பத்துப் பன்னிரண்டு முகம். விலையைக் கூட்டுவது முகங்கள்தான், ஏனென்றால் முகத்தை மட்டும் உதவியாளரிடம் கொடுக்க முடியாது. அடுத்து எவ்வளவு பரப்பில் ரேக்கு வருகிறது என்பது. பிறகு சட்டம், கண்ணாடி, அனுப்பும் செலவு. இவை விலைக்குள் அடங்குமா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வருவது இங்கேதான்.

நான் மூன்றில் ஒரு பங்கை வரைபடத்துக்கு முன்பும், ஒரு பங்கை ரேக்கு ஒட்டும் முன்பும், மீதியைப் படம் முடிந்தபின்பும் வாங்குகிறேன். ரேக்குக்கு முன்பு மக்கு வேலை முடிந்த நிலையில் போட்டோ அனுப்புவேன். உள்ளூர்க்காரர் என்றால் நேரில் வரச் சொல்வேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் கொடுக்க வேண்டாம். அதேபோல முன்பணம் இல்லாமல் வேலையைத் தொடங்கச் சொல்வதும் நியாயமில்லை. தங்கம் தினம் விலை மாறுகிறது, ஆகவே பேசிய விலையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. சொந்தக்காரராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளாகும்?

15க்கு 12 அளவு என்றால் எனக்கு மூன்று வாரம், 24க்கு 18 என்றால் ஒன்றரை மாதம். பெரிய பட்டாபிஷேகம் நான்கு மாதம்கூட ஆகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அடைமழையில் மக்கு மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு ரேக்கு ஒட்டினால் பின்னால் வெடிப்பு விடும். தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு ஆவணியிலேயே சொல்லிவிட்டால் நிம்மதி.

தாத்தா, பாட்டி முகத்தை இந்தப் பாணியில் எழுத முடியுமா?

முடியும். மராட்டிய மன்னர்களின் உருவப்படங்களையே தஞ்சாவூர் ஓவியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாணியில் முகம் வட்டமாக, கண் பெரிதாக, நிழல் குறைவாக இருக்கும். பாட்டியின் கன்னச் சுருக்கமும் லேசான மாறுகண்ணும்தான் உங்களுக்குப் பாட்டி என்றால், அது இதில் வராது. எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் எழுதுகிறவரிடம் போகச் சொல்லி நானே அனுப்பிவிடுவேன். குழந்தையின் முகத்தைக் கிருஷ்ணனாக எழுதிக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வேன், குழந்தை முகம் இந்தப் பாணிக்கு இயல்பாகவே பொருந்தும்.

நாங்கள் சொல்லிச் செய்த படத்தை வேறொருவருக்கும் எழுதிக் கொடுப்பீர்களா?

கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. இந்தியக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி எழுதவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவர்தான் காப்புரிமையின் முதல் உரிமையாளர். ஓவியரிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். உரிமை யாரிடம் இருந்தாலும் இதை எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பிரிவு 57 ஓவியருக்குத் தருகிறது. அதனால் மூலையில் இருக்கும் கையெழுத்தை அழிக்கச் சொல்லாதீர்கள். பூஜைப் படத்தில் பெயர் வேண்டாம் என்றால் பலகையின் பின்புறம் போடுவேன்.

மரபான உருவங்கள் யாருக்கும் சொந்தமில்லை. வெண்ணெய்த்தாழி கிருஷ்ணனை நானும் எழுதுவேன், பக்கத்துத் தெருக்காரரும் எழுதுவார். உங்களுக்காகப் புதிதாக அமைத்த அமைப்பை மட்டும் உங்கள் அனுமதி இல்லாமல் நான் திரும்ப எழுதுவதில்லை.

பிடித்த ஓவியர் ஒருவரின் படத்தைத் தஞ்சாவூர் பாணியில் மாற்றித் தருவீர்களா?

ஓவியர் மறைந்து 60 ஆண்டு கடந்திருந்தால் தடையில்லை. ரவி வர்மா 1906-இல் மறைந்தார், அவர் படங்களை எடுத்து எழுதலாம். இன்று இருக்கிற ஓவியர் வரைந்ததை இணையத்திலிருந்து எடுத்து வந்தால், அவரிடம் கேட்டு அனுமதி வாங்கி வரச் சொல்வேன். கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

புவிசார் குறியீடு இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கலாமா?

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-இல் கிடைத்தது. பெயருக்கும் ஊருக்கும் அது காப்பு. ஒரு படத்தின் கைவேலை நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. கைவேலையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஓவியர் முன்பு செய்த மூன்று படங்களைக் கேட்டு, முகங்களை மட்டும் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா? பிறகு மக்கு வேலையில் ஒரு மாலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரல் வைத்தபடி பாருங்கள், முத்துகள் போகப்போகச் சோர்ந்து பெரிதும் சிறிதுமாக ஆகியிருந்தால் அந்த அவசரம் உங்கள் படத்திலும் வரும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா?

அனுப்பலாம். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். அல்லது சட்டமில்லாமல் பலகையை மட்டும் மரப்பெட்டியில் அனுப்பி, அங்கே சட்டம் போட்டுக்கொள்ளலாம். நூறு ஆண்டு கடந்த ஓவியங்களைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தடை இருக்கிறது. பழைய சாயலில் எழுதிய புதுப் படத்தைப் பார்த்துச் சுங்கத்தில் சந்தேகப்படலாம். எழுதிய வருடம், ஓவியர் பெயர், அளவு எல்லாம் உள்ள பில்லும், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்களும் கையில் இருக்கட்டும். பழையது இல்லை என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழும் வாங்கலாம்.

எந்தத் திசையில் மாட்ட வேண்டும்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நான் பார்ப்பது ஈரமும் வெயிலும்தான். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், நேர்வெயில் விழும் இடமும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து மஞ்சள் வெளிச்சம் விழுந்தால் மக்கு வேலையின் மேடுகள் எல்லாம் எழுந்து நிற்கும். நேர் எதிரே வெள்ளை விளக்குப் போட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

படம் வந்து சேர்ந்ததும் என்ன பார்க்க வேண்டும்? பராமரிப்பு எப்படி?

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஒரு கல் உதிர்ந்திருந்தால் கண்ணாடிக்கு உள்ளே கீழ் விளிம்பில் கிடக்கும், பதற வேண்டாம், கழற்றி ஒட்டிவிடலாம். சட்டத்தின் பின்புறம் முழுக்க அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், இடைவெளி இருந்தால் தூசியும் பூச்சியும் போகும். கண்ணாடி கற்களைத் தொடாமல் சற்று விலகி இருக்க வேண்டும்.

தேக்குச் சட்டமும் கண்ணாடியும் பிளைவுட்டும் சேர்ந்து நல்ல கனம் இருக்கும். ஒற்றை ஆணி தாங்காது. சுவரில் துளை போட்டு, ஸ்க்ரூ வைத்து, இரண்டு இடத்தில் மாட்டுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நீர் தெளித்துத் துடைத்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். படத்துக்கு நேர் கீழே விளக்கேற்றுவதாக இருந்தால் ஒரு முழமாவது முன்னால் தள்ளி வையுங்கள், எண்ணெய்ப் புகை கண்ணாடியில் படிந்து முகத்தை மறைத்துவிடும். குங்குமமும் சந்தனமும் சட்டத்துக்கு வைக்கலாம், கண்ணாடிக்கும் வைக்கலாம். கண்ணாடி இல்லாத படத்தில் நேரடியாக வைத்தால் சந்தனம் காய்ந்து உதிரும்போது வண்ணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும்.